ஆர்கனோமெட்டாலிக் லேப்பில் சேரும் முன்

நெல்லை, மதுரைப் பக்கம் எம்எஸ்சி முடித்துவிட்டு பெங்களூருக்கு பிஎச்டி இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகள் சிலர், யாரிடமாவது நம்பர் வாங்கி எனக்கு போன் பண்ணுவார்கள். “எந்த கைடுகிட்ட சேரலாம் சார்?” என்பதுதான் முதல் கேள்வி. கைடுகளைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. லேப்புக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். வேக்குவம் பம்ப்பில் எண்ணெய் தெளிவாக இருக்கிறதா, கறுத்துப் போயிருக்கிறதா? காற்றுப் புகாத கிளவ் பாக்ஸ் பெட்டியின் கையுறையில் ஒட்டு போட்டிருக்கிறார்களா? அப்புறம் சீனியர் ஒருவரோடு டீ குடிக்கப் போய், “நல்லா வந்துச்சுன்னு நினைச்சு, பிறகு தப்புன்னு தெரிஞ்சு விட்ட ரிசல்ட் ஏதாவது இருக்காண்ணா?” என்று கேட்கச் சொல்வேன். சிரித்துக்கொண்டே ஒரு கதையை எடுத்துவிட்டால் அந்த லேப்பில் சேரலாம். “எங்க லேப்ல அப்படியெல்லாம் நடந்ததே இல்லை” என்றால் யோசிக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஆர்கனோமெட்டாலிக் என்றால் உலோகத்துக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு உள்ள சேர்மங்கள், அவைதான் எங்கள் பிழைப்பு. இவற்றில் பல காற்று பட்டால் கெட்டுவிடும், ஈரம் பட்டால் சிதையும், வெளிச்சத்தில் வைத்தால் வேறொன்றாகிவிடும். குடுவைக்குள் இருப்பது நாம் போட்டதுதானா, அதில் வேலை செய்வது நாம் நினைத்த ஆள்தானா என்ற சந்தேகம் கடைசிவரை விடாது. சந்தேகப்படுவதற்குக் கருவியும் வேண்டும், நேரமும் வேண்டும், கைடின் அனுமதியும் வேண்டும். மூன்றும் இருக்கிற இடம் பெரிய பெயர் இல்லாத இடமாக இருந்தாலும் போதும்.

இந்தத் துறையே அப்படிப் பிறந்ததுதான். 1951-ல் கீலியும் பாசனும் ஃபுல்வலீன் என்ற ஹைட்ரோகார்பனைத் தயாரிக்கப் போய், ஆரஞ்சு நிறத்தில் இரும்பு உள்ள ஒரு பொருளை எடுத்தார்கள். அதுதான் ஃபெரோசீன். மில்லர் குழுவுக்கும் அதே பொருள் தனியாகக் கிடைத்திருந்தது. முதலில் எழுதிய அமைப்பு தவறு. இரும்பு இரண்டு ஐந்து-கார்பன் வளையங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது என்பதை 1952-ல் வில்கின்சன், உட்வர்ட் குழுவும், தனியாக ஃபிஷரும் சொன்னார்கள். 1973 நோபல் ஃபிஷருக்கும் வில்கின்சனுக்கும் போனது. பொருளை முதலில் எடுத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இதை நியாயம் என்றும் சொல்லலாம், அநியாயம் என்றும் சொல்லலாம். லேப் டீ நேரத்தில் இந்தச் சண்டை எத்தனையோ முறை ஓடியிருக்கிறது.

சரி, லேப்புக்கு வருவோம். முதல் வருஷம் பெரும்பாலும் கை பழகுவதிலேயே போய்விடும். ஷ்லெங்க் லைன் என்பது இரட்டைக் கண்ணாடிக் குழாய். ஒன்றில் வெற்றிடம், இன்னொன்றில் நைட்ரஜன் அல்லது ஆர்கான். குடுவையை வெற்றிடத்தில் இழுத்து, வாயுவை நிரப்பி, மறுபடி இழுத்து, மறுபடி நிரப்பி, மூன்று சுற்று ஓட்டிவிட்டுத்தான் கரைப்பானை ஊற்றுவோம். டிஎச்எஃப் என்ற கரைப்பானை, சோடியமும் பென்சோஃபினோனும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆழ்ந்த நீலமோ ஊதாவோ வந்த பிறகே வடித்து எடுப்போம். நிறம் நின்றால் தண்ணீரும் ஆக்சிஜனும் தீர்ந்துவிட்டன என்று அர்த்தம். குளோரின் உள்ள கரைப்பான் பக்கத்தில் சோடியத்தைக் கொண்டுபோகவே கூடாது, வெடிக்கும். டைகுளோரோமீத்தேனை உலர்த்தக் கால்சியம் ஹைட்ரைடு, அதுவும் ஸ்டில் என்ற வடிகலம் ஒன்றைத் தனியாக வைத்துத்தான். இப்போது பல இடங்களில் சோடியம் ஸ்டில்லை எடுத்துவிட்டு அலுமினா நிரப்பிய குழாய் வைத்துவிட்டார்கள். நல்ல காரியம். அந்த நீலத்தைப் பார்க்காத தலைமுறை ஒன்று வருகிறதே என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பெங்களூரில் வேலை செய்யும்போது ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். புத்தகத்தில் 34.6 டிகிரி என்று போட்டிருக்கும் டைஎத்தில் ஈதர் இங்கே மூன்று டிகிரி முன்னதாகவே கொதிக்கும். ஏப்ரல் மதியத்தில் ஈதர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் பாதி பாட்டில் காற்றோடு போயிருக்கும். ஆனாலும் சென்னையில் எம்எஸ்சி ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். அங்கே வெயில் காலத்தில் ஈதர் குடுவைக்குள் ஒழுங்காக இருக்கவே மறுக்கும்.

கரண்ட் போகும் விஷயத்தை யாரும் பாடமாகச் சொல்லித்தருவதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பம்ப்புக்கு முன்னால் கரைப்பான் ஆவியைப் பிடிக்க ஒரு டிராப் இருக்கும், அதை திரவ நைட்ரஜன் நிரம்பிய டிவாரில் (பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர்ப் பாத்திரம்) அமிழ்த்தியிருப்போம். திரவ நைட்ரஜன் −196 டிகிரி. ஆக்சிஜன் திரவமாகும் வெப்பநிலை −183. கரண்ட் போய் பம்ப் நின்றால் காற்று மெல்ல உள்ளே வரும், அதிலுள்ள ஆக்சிஜன் டிராப்பில் வெளிர் நீலத் திரவமாகச் சேரும். அங்கே ஏற்கெனவே டொலுயினோ ஹெக்சேனோ உறைந்து கிடக்கிறது. திரவ ஆக்சிஜனும் கரைப்பானும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. அதனால் விளக்கு அணைந்ததும் முதல் வேலை டிவாரை இறக்குவது. உடனே டிராப்பைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். மூடியபடியே சூடேறவிட்டால் உள்ளே உறைந்த வாயு விரிந்து கண்ணாடியைப் பிளக்கும். டிராப்பில் ஏற்கெனவே நீலம் தெரிந்தால் எதையும் தொடாதீர்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நீங்களும் வெளியேறி, பாதுகாப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். ஆர்கானும் −186-லேயே திரவமாகிவிடும் என்பதால், ஆர்கான் லைனைத் திறந்துவைத்து திரவ நைட்ரஜனால் குளிரூட்டுவதும் ஆபத்துதான். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள். ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் போகும் சில நொடிகளிலேயே பம்ப் எண்ணெய் பின்னால் ஏறியிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் இரண்டு மரணங்களை நான் எல்லாப் புதுப் பிள்ளைகளுக்கும் சொல்வேன். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பல்கலைக்கழக லேப்பில் 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பிளஞ்சர் கழன்று வந்துவிட்டது. அந்தப் பொருள் காற்று பட்டவுடன் தானே தீப்பிடிக்கும். அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை, மேலே இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். அடுத்த மாதம் இறந்துபோனார். இன்னொருவர் கேரன் வெட்டர்ஹான், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியின் இனார்கானிக் பேராசிரியர். 1996-ல் டைமெத்தில் மெர்க்குரி சில துளிகள் அவருடைய ரப்பர் கையுறையில் விழுந்தன. கையுறை அதைத் தடுக்கவே இல்லை. 1997 ஜூனில் காலமானார். எச்சரிக்கையானவர் என்று பெயர் எடுத்தவர் அவர். பெங்களூரின் டிசம்பர் குளிருக்கு பாலியஸ்டர் ஸ்வெட்டரோடு லேப்புக்கு வரும் பையன்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பதறும். “கழட்டிட்டு காட்டன் கோட்டை மாட்டுப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இரண்டாவது வருஷத்திலிருந்து என்எம்ஆர்தான் உலகம். காந்தப் புலத்தில் அணுக்கரு தரும் சிக்னலை வைத்து மூலக்கூறின் அமைப்பைப் படிக்கும் முறை அது, சிக்னல் வரும் இடத்தை பிபிஎம் எண்ணில் சொல்வோம். ஃபாஸ்பீன் லிகண்ட் (உலோகத்தோடு ஒட்டும் பாஸ்பரஸ் சேர்மம்) வைத்து வேலை செய்தால் பாஸ்பரஸ் என்எம்ஆர் தினசரிச் சாப்பாடு மாதிரி ஆகிவிடும். டிரைஃபினைல் ஃபாஸ்பீன் −5 பிபிஎம் வாக்கில் வரும், அதன் ஆக்சைடு 29-ஐ ஒட்டி வரும். புதுப் பையன் ஒருவன் “புது பீக் வந்திருக்கு” என்று ஓடிவந்தால் சீனியர் முதலில் கேட்பது “29 பக்கத்துலயா?” என்றுதான். பாதி நேரம் ஆமாம் என்றுதான் பதில் வரும், ஏனென்றால் காற்று உள்ளே போயிருக்கும். ப்ரோட்டான் என்எம்ஆரில் 0.07-ல் தெரிவது மூட்டுகளில் தடவிய சிலிகோன் கிரீஸ், 1.26-ல் தெரிவது ஹைட்ரோகார்பன் கிரீஸ். இது டியூட்டரேட்டட் குளோரோஃபாமில். பென்சீனில் எண்கள் வேறு. 1997-ல் கோட்லீப் குழு வெளியிட்ட அசுத்தங்கள் அட்டவணையை எங்கள் என்எம்ஆர் மேஜை மேல் ஒட்டியிருந்தோம், ஓரம் மடங்கி மஞ்சளாகிப்போனது. தன் சேர்மத்தின் பீக்கைப் படிப்பதற்கு முன்னால் அந்த அட்டவணையில் உள்ளதையெல்லாம் கழித்துவிடும் பழக்கம் வந்துவிட்டால் பிஎச்டியில் ஒரு வருஷம் மிச்சம்.

எனக்குப் பிடித்தமான பகுதி ஹைட்ரைடுகள். உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன், ப்ரோட்டான் என்எம்ஆரில் சுழியத்துக்குக் கீழே, மைனஸ் பக்கத்தில் தெரியும். அந்தப் பக்கம் வேறு கூட்டமே கிடையாது. எங்கள் ருத்தேனியம் சேர்மம் ஒன்றில் மைனஸ் பக்கம் அகலமான ஒரு மேடு வந்தது. இரண்டு ஹைட்ரஜனும் தனித்தனியாக உலோகத்தோடு சேர்ந்திருக்கின்றனவா, அல்லது ஹைட்ரஜன் மூலக்கூறு உடையாமல் அப்படியே பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? உடையாத ஹைட்ரஜன் உலோகத்தோடு ஒட்டும் என்பதை 1984 வரை வேதியியல் உலகம் ஏற்றிருக்கவில்லை. அந்த வருஷம் லாஸ் அலமோஸில் இருந்த குபாஸ், டங்ஸ்டன் சேர்மம் ஒன்றை வைத்து அதை நிறுவினார். நியூட்ரான் கற்றையால் அணுக்களின் இடத்தைக் கண்டறியும் நியூட்ரான் டிஃப்ராக்‌ஷனில் இரண்டு ஹைட்ரஜனுக்கும் இடையே 0.82 ஆங்ஸ்ட்ராம். தனி ஹைட்ரஜன் மூலக்கூறில் அது 0.74. பிணைப்பு கொஞ்சம் நீண்டிருக்கிறது, ஆனால் உடையவில்லை.

நியூட்ரான் எல்லாம் நமக்கு எட்டாது. ஆனால் குபாஸ் செய்த இன்னொரு சோதனை எந்த லேப்பிலும் செய்யக்கூடியது. ஹைட்ரஜனுக்குப் பதில் எச்டி, அதாவது ஒரு ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) சேர்ந்த வாயுவை விட வேண்டும். தனி எச்டி வாயுவில் அந்த இரண்டுக்கும் இடையே கப்ளிங் (ஒன்றால் மற்றதன் சிக்னல் பிரியும் இடைவெளி) 43 ஹெர்ட்ஸ். குபாஸின் சேர்மத்தில் 33.5. பிணைப்பு முழுசாக உடைந்துவிட்டால் சில ஹெர்ட்ஸ்கூடத் தேறாது. எங்கள் மேட்டுக்கும் இதையே செய்தோம். டியூட்டீரியம் சிலிண்டருக்கு இன்டென்ட் போட்டு, அது ஸ்டோர்ஸ் வழியாக ஊர்ந்து வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விட்டது. கடைசியில் 1:1:1 என்று அழகாகப் பிரிந்த மூன்று கோடுகள், இடைவெளி 30-ஐ ஒட்டி. கைடு ஸ்பெக்ட்ரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை வேற வெப்பநிலையில எடு” என்றார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பேப்பரைப் பரிசீலித்த ரெஃப்ரீ கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

கிரிஸ்டல் விஷயத்திலும் இதே சந்தேகம் வேண்டும். டைகுளோரோமீத்தேன் கரைசலின் மேல் ஹெக்சேனை மெதுவாக அடுக்கிவிட்டு, பம்ப்பின் அதிர்வு படாத அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். தினமும் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு விழாது. யாரோ கழுவாமல் போட்ட என்எம்ஆர் ட்யூபின் அடியில் வைரம் போல விழுந்து கிடக்கும். எக்ஸ்ரேயில் அமைப்பு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளைகள் இனிப்பு வாங்கப் போய்விடுவார்கள். ஆனால் அந்த எக்ஸ்ரே கருவியான டிஃப்ராக்டோமீட்டர் பார்த்தது அந்த ஒரே ஒரு துண்டைத்தான். குடுவையில் நூற்றில் இரண்டு பங்கு இருந்த பக்க விளைபொருள்கூட நன்றாகப் படிகமாகும் குணம் இருந்தால் முதலில் விழுந்துவிடும். மீதியெல்லாம் வேறாக இருக்கலாம். அதனால் படிகத்தை அரைத்து என்எம்ஆர், படிகம் விழுந்த பிறகு மிஞ்சும் தாய்க் கரைசலுக்குத் தனியாக என்எம்ஆர், தனிமங்களின் அளவைப் பார்க்கும் எலிமெண்டல் அனாலிசிஸ், இவ்வளவும் முடிந்த பிறகுதான் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் மைசூர் பாக்.

கேட்டலிஸ்ட் (வினையூக்கி) பக்கம் வந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். 2003-ல் லெட்பீட்டர் குழு, உலோகமே இல்லாமல் சுசுகி கப்ளிங் (இரண்டு கார்பன் துண்டுகளை இணைக்கும் வினை) நடக்கிறது என்று எழுதியது. பாலேடியத்தின் வேலை அது, பாலேடியம் இல்லாமல் நடந்தால் பெரிய விஷயம். 2005-ல் அதே குழு திரும்ப வந்து, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 20 முதல் 50 பிபிபி வரை பாலேடியம் இருந்தது, வேலையைச் செய்தது அதுதான் என்று தாங்களே எழுதினார்கள். நூறு கோடியில் ஐம்பது பங்கு! எனக்கு இந்த இரண்டாவது கட்டுரை எழுதியவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. 2009-ல் புக்வால்டும் போல்மும் சேர்ந்து, இரும்பு குளோரைடு செய்ததாகச் சொல்லப்பட்ட சில வினைகளில் உண்மையில் அதில் கலந்திருந்த தாமிரம்தான் வேலை பார்த்தது என்று காட்டினார்கள். இவ்வளவுக்கும் பிறகு, பாலேடியம் வேண்டாம், அமீனே போதும் என்று 2021-ல் ஒரு கட்டுரை பெரிய இதழில் வந்து, பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

அதனால் எங்கள் லேப்பில் சில வழக்கங்கள் வைத்திருந்தோம். உலோகம் போடாமல் ஒரு வெறும் ரியாக்‌ஷன் எப்போதும் கூடவே ஓடும். வேறு கம்பெனியின், வேறு லாட் நம்பர் உள்ள பேஸ் (காரம்) வைத்து ஒரு தடவை செய்வோம். பாலேடியத்தில் ஓட்டிய மேக்னடிக் பார், கீறல் விழுந்திருந்தால் அடுத்த ஆளுக்குப் போகாது. அந்த டெஃப்லானின் கீறலுக்குள் உலோகம் உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. பாதரசத் துளி போட்டு, கரைசலில் வேலை செய்வது கரைந்த சேர்மமா, உலோகத் துகளா என்று பார்க்கும் சோதனை புத்தகத்தில் இருக்கிறது. அது மட்டுமே சாட்சி என்று நம்பக்கூடாது, பாதரசம் சில கரைந்த சேர்மங்களோடும் வினைபுரியும். இதையெல்லாம் செய்தால் பேப்பர் ஆறு மாதம் தள்ளும். பக்கத்து லேப்பில் அதற்குள் இரண்டு பேப்பர் வந்திருக்கும். அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்து கிடையாது.

காசு விஷயம் சுருக்கமாக. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023-லிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. ஹாஸ்டல் கிடைத்தால் வீட்டுக்கும் அனுப்பலாம். மத்திகெரேயில் அறை எடுத்துத் தங்கினால் கையில் நிற்காது. ஃபெலோஷிப் மூன்று மாதம் வராமல் நாலாவது மாதம் மொத்தமாக வருவதும் நடக்கும், ஒரு கையிருப்பு வேண்டும். கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் கண்ணாடிப் பட்டறையில் இருந்த அண்ணன் அல்சூர்த் தமிழர், உடைந்த ஷ்லெங்க் குழாயைக் கொண்டுபோய் நீட்டினால் “என்ன தம்பி, இதுவும் போச்சா?” என்று வாங்கிக்கொள்வார். ஆனால் சிலிண்டர் வண்டிக்காரருக்கும் ஸ்டோர்ஸ் அம்மாவுக்கும் கன்னடத்தில்தான் பேச வேண்டும், அவர்கள் மனது வைக்காமல் ஆர்கான் வராது.

பிஎச்டிக்குப் பிறகு ஜெர்மனியில் போஸ்ட்டாக் முடித்துத் திரும்பியபோது கல்லூரி வேலைக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ப்ராசஸ் லேப்பில் சேர்ந்தேன். அடிப்படை ஆராய்ச்சியை விட்டுவிட்டான் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அங்கேயும் அதே கேள்விதான் காத்திருந்தது, ஆனால் தலைகீழாக. ரத்த அழுத்தத்துக்குத் தரும் லோசார்டானையே சுசுகி கப்ளிங் வழியாகத் தயாரிக்கலாம். வினை முடிந்த பிறகு பாலேடியம் மருந்தில் தங்கக்கூடாது. வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம், ஊசி மருந்தில் 10 மைக்ரோகிராம், அதற்கு மேல் உடலுக்குள் போகக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டி விதி. செயலூட்டிய கரியில் வடிகட்டுவது, கந்தகம் பிணைத்த சிலிக்காவில் ஓட்டுவது, அசிட்டைல் சிஸ்டீனால் கழுவுவது என்று வழிகள் உண்டு. எது பலிக்கும் என்பது பாலேடியம் அந்த நேரத்தில் என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. துகளாக இருந்தால் ஒன்று, ஃபாஸ்பீனோடு கரைந்திருந்தால் இன்னொன்று. ஆர்கானிக் கெமிஸ்ட் நண்பர்கள் எல்லாக் கரியையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள். நான் முதலில் ஒரு பாஸ்பரஸ் என்எம்ஆர் எடுத்துப் பார்ப்பேன், பல நாள் வேலை மிச்சமாகும். லேப்பில் ஹைட்ரைடுக்காகக் கற்றது இங்கே சம்பளமாக வந்தது.

இந்த வேலைகளுக்கு ஆள் தேடும்போது கம்பெனிகள் பேப்பர் எண்ணிக்கையை அதிகம் பார்ப்பதில்லை. பெரிய ரியாக்டரில் பியூட்டைல் லித்தியம் போடும் இடத்தில் நிதானமாக நிற்கத் தெரியுமா, அளவு பெருகும்போது சூடு எங்கே போகும் என்று யோசித்திருக்கிறாயா என்றுதான் கேட்பார்கள். ரோடியம், இரிடியம் மிச்சத்தைத் தனி பாட்டிலில் சேர்த்து வைப்பாயா என்பதையும் பார்ப்பார்கள். 2021 மார்ச்சில் ரோடியம் அவுன்ஸுக்கு 29,000 டாலர் வரை ஏறியது. அப்போது பழைய குடுவைகளைக் கழுவிய தண்ணீரைக்கூடக் கீழே ஊற்ற விடவில்லை.

கடைசி வருஷத்தில் தீசிஸ் எழுதும் அவசரத்தில் பிள்ளைகள் ஒரு வேலையை விட்டுவிடுகிறார்கள். முக்கியமான சேர்மம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, வெற்றிடத்தில் கண்ணாடி ஆம்ப்யூலில் சீல் பண்ணி, நோட்டுப் பக்க எண்ணை ஒட்டி, கிளவ் பாக்ஸுக்குள் வைத்துவிட்டுப் போங்கள். ரெஃப்ரீ கேள்வி கேட்கும்போது நீங்கள் வேறு நாட்டில் இருப்பீர்கள். பதில் சொல்ல வேண்டியது உங்கள் ஜூனியர். மாதிரிகள் லேப்பில்தான் இருக்கும், எடுத்துப் போக விடமாட்டார்கள். நோட்டின் ஸ்கேன் பிரதிக்கு மட்டும் வைவாவுக்கு முன்னாலேயே கைடிடம் அனுமதி வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் இழுத்தடிக்கும்.